இரண்டாவது கோப்பு

பட்டறைக்குக் கூரை உண்டு, கதவு இல்லை.
மடிக்கணினியைப் பெயிண்ட் டின்மேல் வைத்து
ஸ்டீயரிங்குக்குக் கீழே கம்பியைச் செருகினேன்.
தன்னைப் பற்றி முழுதாகச் சொல்ல
வண்டிக்குப் பதினொரு நிமிடம் ஆனது.

புஷ்பலீலாவின் பிக்கப்.
இரண்டாம் டிவிஷனிலிருந்து மில்லுக்கு
நடைக்கு ஒரு டன் செம்பனைக் குலை.
ஒரு டன் என்பது தாளில்.
செம்மண் ஏற்றத்தில் வண்டியைக் கேட்டால்
வேறு கணக்குச் சொல்லும்.

"மூணாம் வளைவுல மூச்சு வாங்குது.
பவர் ஏத்திக் குடு.
வியாழக்கிழமை புஸ்பாகோம்.
பேரப் பார்த்தா எனக்குச் சொந்தக்காரன் மாதிரி இருக்கு,
போன தடவ மொகங்கூட குடுக்கல."

போன தடவை புகை எழுபத்தெட்டு.
ஐம்பதைத் தாண்டினால் திருப்பி அனுப்புவார்கள்.
அலோர் ஸ்டாரில் யாரோ ஒருவன்
ஏற்கெனவே கை வைத்திருந்தான்.
திறந்து பார்த்தேன்:
பதினாறுக்குப் பதினாறு கட்டங்கள்,
அத்தனையிலும் இருபது விழுக்காடு கூடுதல் டீசல்.
சாம்பார், ரசம், பாயசம்
எல்லாவற்றுக்கும் ஒரே கை உப்பு.

கரும்புகை வேறொன்றுமில்லை,
காற்று வந்து உட்காரும் முன்பே
இலையில் கொட்டிய சோறு.
புஷ்பலீலா காசு கொடுத்து வாங்கியது
பின்னால் வரும் மோட்டார்சைக்கிள்காரன் முகத்தில்.

"ரெண்டு கோப்பு போடுவாங்களாமே,
காலையில அவனுக்கு ஒண்ணு,
மத்தியானம் எனக்கு ஒண்ணு?"

போடலாம். நூற்றைம்பது வெள்ளி கூட வரும்.
ஒரு லோரிக்குப் போட்டிருக்கிறேன்.
கோப்புகளுக்குப் பெயர்கூட வைத்தேன்:
'கோயிலுக்கு', 'வீட்டுக்கு'.
'வீட்டுக்கு' இப்போது தினமும் காலை ஏழேகாலுக்குத்
தமிழ்ப்பள்ளி வாசலில் கியர் மாற்றுகிறது.
அந்த நேரத்தில் நான் சாலையைப் பார்ப்பதில்லை.

ஒன்றுதான் போடுவேன் என்றேன்.
முகத்தைத் திருப்பிக்கொண்டு
மைலோ வாங்கப் போனாள்.

டர்போ எழும்பும் வரை பொறு என்று
டீசலுக்குச் சொன்னேன்.
ஆயிரத்தெண்ணூறு சுற்றுக்குக் கீழே சுருக்கினேன்,
இரண்டாயிரத்துக்கு மேல் கொஞ்சம் அவிழ்த்தேன்.
அடைத்துவிடு என்று அவள் சொன்ன வால்வைக்
கழற்றி, கரியைச் சுரண்டி, திரும்ப மாட்டினேன்.
அதற்காகக் குனிந்தபோதுதான் கண்ணில் பட்டது
காற்றுக் குழாயில் ஒரு விரல் நீள வெடிப்பு.
வண்டி இத்தனை நாளும்
ஓட்டை மூக்கால் மலை ஏறியிருக்கிறது.
அலோர் ஸ்டார்க்காரன் குனியவே இல்லை.

கடைசியில் கூட்டுத்தொகை.
ஒரு கட்டம் பிசகினாலும்
பெட்டி கண் திறக்காது.
எழுதி முடியும்வரை
யாரும் சாவியைத் தொடக்கூடாது என்றேன்.
அவள் பேச்சைக்கூட நிறுத்திவிட்டாள்.
அந்த நேரம் பார்த்து
செம்பனை வரிசைகளுக்கு அப்பால் மில் புகைபோக்கி
கன்னங்கரேலென்று ஒரு மூச்சு விட்டது.
வானத்தில் பாதி போனது.

"அதுக்குள்ள எந்தக் குழாய விட்டு அளப்பாங்க?"

திரையில் தொண்ணூற்றொரு விழுக்காடு.
தொண்ணூற்றிரண்டு.
நான் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழன், சுங்கை பட்டாணி.
சீருடைப் பையன் மூன்று முறை அடிவரை மிதித்தானாம்.
முப்பத்து நான்கு. முப்பத்தொன்று. முப்பத்தொன்று.
தாளின் அடியில் மட்டும்: தோல்வி.
பின் நம்பர் பிளேட் விளக்கு எரியவில்லை.

வளாகத்தில் நின்றபடியே கூப்பிட்டாள்.
என் படிப்பை, என் கணினியை,
கதவில்லாத என் பட்டறையை
வரிசையாக ஏசினாள்.
எல்லாம் நியாயம்தான்.
அப்புறம் கொஞ்சம் இறங்கி,
"நேத்து முழு லோடோட போனேன்.
மூணாம் வளைவுல
மூணாம் கியர்லயே ஏறிருச்சு,"
என்று யாரையோ குறை சொல்வதுபோல் சொன்னாள்.

பல்பு இரண்டு வெள்ளி.
பெட்டியைக் கிளறி எடுத்தேன்.
ஊதித் துடைத்து
பேட்டரியில் வைத்துப் பார்த்தேன்.
எரிந்தது.
இன்னொன்றையும் எடுத்து வைத்தேன்.